நடுக்கத்தைப் பார்க்கிறோம், இரவை யார் கேட்பது?

பார்க்கின்சன் நோயாளி மருத்துவரிடம் போனால், கையை நீட்டச் சொல்கிறார்கள், விரலைத் தட்டச் சொல்கிறார்கள், நடக்கவைத்துப் பார்க்கிறார்கள். 'ராத்திரி எப்படித் தூங்குறீங்க?' என்ற கேள்வி பல நேரம் எழுவதில்லை. எழுந்தாலும், 'வயசானா தூக்கம் குறையத்தானே செய்யும்' என்று குடும்பத்தினரே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்கள்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே, நடுக்கம் நோயாளியின் தூக்கத்தைக் கலைப்பதைப் பதிவுசெய்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சிகிச்சை பகலையே சுற்றிவருகிறது.

தூக்கம் கெடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. பகலில் சாப்பிட்ட லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்து நள்ளிரவில் வேகம் இழக்கும்போது, உடல் இறுகிப் புரண்டு படுக்கவும் முடியாமல் போகிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. இருட்டில் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். சிலருக்குக் காலில் குடைச்சல், சிலருக்கு மனச்சோர்வு. காரணத்துக்குக் காரணம் தீர்வும் மாறும். கடையில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்கினால் தள்ளாட்டமும் குழப்பமும்தான் கூடும்.

கனவின் கதை வேறு. நாம் கனவு காணும்போது மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி உடலை அசையாமல் வைக்கிறது. அந்தப் பிடி விட்டுப்போனால், கனவில் துரத்தும் நாயை மனிதர் நிஜமாகவே உதைக்கிறார். அடி பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு. இதை 1986-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் தனிக் கோளாறாக விவரித்தார்கள். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டுவதுண்டு. இப்படி உதைக்கும் எல்லோருக்கும் பார்க்கின்சன் வந்துவிடும் என்பதில்லை. சில மனச்சோர்வு மருந்துகளாலும் இது நேரும். ஆனால், 'கெட்ட கனவு' என்று ஒதுக்கிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்வது யார்? உதைத்தவருக்குப் பெரும்பாலும் அது நினைவிருக்காது. பார்த்தவர் வாழ்க்கைத் துணைதான். எனவே, ஒவ்வொரு பரிசோதனையிலும் இருவரிடமும் இரவைப் பற்றிக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். கேட்டால் வழி உண்டு: மாத்திரை நேரத்தை மாற்றலாம்; மெலடோனின் போன்ற மருந்தை மருத்துவர் பரிந்துரைக்கலாம்; கட்டிலுக்குக் கைப்பிடியும் கழிவறை வழிக்கு விளக்கும் வைக்கலாம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய பார்க்கின்சன் மருந்துகளைச் சாப்பிடுபவர் பகலில் திடீரெனக் கண்ணயரக்கூடும் என்பதால், வண்டி ஓட்டுகிறாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

கூடவே, துணைக்கு வந்தவரிடம் இன்னொரு கேள்வி: 'நீங்க தூங்குறீங்களா?' மருந்துச்சீட்டில் இருப்பது ஒரு பெயர். அந்த வீட்டில் விழித்திருப்பவர்கள் இருவர்.