ஐம்பத்தைந்தும் ஃபிஃப்டி ஃபைவும்

முழுப் பல்செட்டுக்குப் பல் அடுக்கும் கலையில், இந்தியப் பல் மருத்துவ மாணவர் முதலில் மனப்பாடம் செய்வது ஒரு சமதளத்தின் கணக்கை. மேல் நடு வெட்டுப்பல்லின் விளிம்பு தளத்தைத் தொட வேண்டும். அதற்கடுத்த வெட்டுப்பல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். கோரைப்பல்லின் முனை மீண்டும் தளத்தைத் தொட, அதன் கழுத்து சற்றே புடைத்திருக்க வேண்டும். இரண்டாம் கடைவாய்ப்பல் எதையும் தொடாமல் மேலெழுந்து, பின்னோக்கிய வளைவை முடித்துவைக்க வேண்டும். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் இக்கணக்கு மெழுகில் செய்து காட்டப்படுகிறது. தேர்வாளர் ஆர்டிகுலேட்டரைத் திறந்து மூடிப் பார்க்கிறார். பற்கள் ஒழுங்காகப் பொருந்தினால் மதிப்பெண் கிடைக்கிறது. அந்தக் கருவிக்குத் தாடைகள் உண்டு. உதடும் நாக்கும் கன்னமும் இல்லை.

தொடக்க இலக்கணம் என்ற அளவில் இதில் குறை காண இடமில்லை. குறை தொடங்குவது அடுத்த கட்டத்தில். மெழுகில் அடுக்கிய பற்களை நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கும் அந்த ஒரு வேளைதான் பல்லை நகர்த்துவதற்கான கடைசி வாய்ப்பு. மெழுகு நீங்கி, அச்சுக்குள் அக்ரிலிக் வெந்து இறுகிய பிறகு, தேய்த்துச் சரிசெய்யலாமே தவிர இடம் மாற்ற இயலாது. அந்த வேளையில் செய்ய வேண்டிய சோதனைகளுள் மலிவானதும் நுட்பமானதும் பேச்சுச் சோதனையே. அந்தச் சோதனையை இந்திய வகுப்பறைகள் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காமலேயே எடுத்துக்கொண்டுள்ளன. சில வேளைகளில் மொழிபெயர்த்துவிடுகின்றன. அது இன்னும் பெரிய பிழை.

பாடநூல்கள் சொல்வது இது. எஃப், வி ஆகிய ஒலிகளை உச்சரிக்கும்போது மேல் வெட்டுப்பற்களின் விளிம்பு, கீழுதட்டின் ஈரப்பகுதியும் உலர்பகுதியும் சந்திக்கும் கோட்டை மெல்லத் தொட வேண்டும். பற்கள் குட்டையாக அமைந்தால் வி ஒலி எஃப் போலக் கேட்கும். நீண்டுவிட்டால் எஃப் ஒலி வி போலக் கேட்கும். எஸ் ஒலியின்போது மேல் கீழ் முன்பற்கள் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி வரை நெருங்க வேண்டும். பேச்சில் தாடைகள் மிக நெருங்கும் இந்த இடைவெளியைக் கொண்டு முகத்தின் கீழ்ப்பகுதி உயரத்தை அளக்கும் முறையைச் சில்வர்மேன் 1953இல் முன்வைத்தார். எஸ் ஒலியையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள் என்று ஏர்ல் பவுண்ட் 1977இல் தலைப்பிட்டே எழுதினார். இவற்றைச் சோதிக்க நோயாளியை 50 முதலும் 60 முதலும் எண்ணச் சொல்வது வழக்கம். மிசிசிப்பி என்ற ஆற்றின் பெயரைச் சொல்லச் சொல்வதும் உண்டு.

ஆங்கிலம் அறியாத முதியவரிடம் மாணவர் என்ன செய்வார்? "ஐயா, ஐம்பதிலிருந்து எண்ணுங்கள்" என்பார். ஐயா எண்ணுவார்: ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. இந்த வரிசை முழுவதிலும் பல்லும் உதடும் சேர்ந்து பிறக்கும் ஒலி ஒன்றுகூட இல்லை. வருவன மகரமும் பகரமும். இரு உதடுகளும் மூடிப் பிறப்பவை. அறுபதுகளிலோ ச என்ற ஒலியே கிடையாது. ஆக, எஃப், எஸ் ஆகியவற்றைச் சோதிப்பதாக நம்பி மாணவர் சோதித்தது உதடு மூடுகிறதா என்பதை மட்டுமே. அதுவும் பயனற்றதன்று, ஆனால் அது வேறொரு வினாவுக்கான விடை. தாடை ஓய்வாக நிற்கும் உயரத்தைக் காண ஆங்கில நூல்கள் எம்மா என்ற பெயரைச் சொல்ல வைக்கின்றன. தமிழில் அம்மா என்ற சொல்லே அவ்வேலையைச் செய்துவிடும்.

இந்தியில் நிலைமை சற்று மேல். அங்கே 50-களில் பாவன், சௌவன், சத்தாவன், அட்டாவன் என்று வ ஒலி அடிக்கடி வருகிறது. 60-களில் இக்ஸட், பாஸட் என்று ஒவ்வொரு எண்ணிலும் ஸ ஒலி உண்டு. மொழிபெயர்ப்பு அங்கே தற்செயலாக வேலை செய்கிறது. வங்காளத்தில் அந்த நல்லூழும் இல்லை. விவேகானந்தர் அங்கே பிபேகானந்தர். வ இருக்க வேண்டிய இடத்தில் இரு உதடுகளும் மூடும் ஒலியே பிறக்கிறது. அறுபது அங்கே ஷாட். 1920இல் ரபியுதீன் அகமது பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது கல்கத்தாவில் என்பதை நினைத்தால், இந்தச் சிக்கல் இந்நாட்டுப் பல் மருத்துவக் கல்வியின் வயதுடையது என்றே சொல்லத் தோன்றுகிறது.

தமிழில் வ இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பாதிதான் போதும். எஃப் ஒலிக்கும் வி ஒலிக்கும் இடையிலான வேறுபாட்டைக் காதால் கேட்டே ஆங்கிலச் சோதனை பல்லின் நீளத்தை அறிகிறது. தமிழின் இயல்பான ஒலியமைப்பில் அந்த வேறுபாடே இல்லை. வகரமும் ஆங்கில வி-யைப் போல உராய்ந்து பிறப்பதன்று, தளர்வாகத் தொட்டு நழுவுவது. ஆகவே, அவ்வை, செவ்வாய் என்று சொல்ல வைத்து, பக்கவாட்டில் அமர்ந்து பல்விளிம்பு உதட்டில் எங்கே படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காதின் சோதனை இங்கே கண்ணின் சோதனையாக மாறுகிறது.

உண்மையான தீங்கு நேரக்கூடிய இடம் வேறொன்று. ஆங்கிலத்தின் திஸ், தட் போன்ற சொற்களில் நாநுனி பற்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்கூட நா தெரியாவிட்டால் முன்பற்கள் மிகவும் வெளியே தள்ளி அடுக்கப்பட்டுள்ளன என்பது பாடநூல் விதி. இந்திய மொழிகளைப் பேசுவோரில் பெரும்பாலோர் இச்சொற்களைத் தகர ஒலியுடன்தான் உச்சரிப்பர். நாநுனி மேற்பற்களின் பின்புறத்தில் பரந்து படியுமே அன்றி வெளியே நீளாது. விதியை அப்படியே நம்பும் மாணவர், சரியாக இருக்கும் பற்களை உள்ளே தள்ளுவார். மேலுதடு தாங்கலின்றிக் குழியும். நாவின் இடம் குறுகும். தகரமும் நகரமும் தடுமாறும். மூன்று மாதங்களில் அந்தப் பல்செட்டு கிண்ணத்துத் தண்ணீருக்குப் போய்விடும். சாப்பிடும்போது மட்டும் அணிந்து, பேச வேண்டிய இடங்களில் கழற்றி வைக்கும் முதியோர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைப் பழகிக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று மருத்துவ மொழி வகைப்படுத்திவிடுகிறது.

இத்தனைக்கும், பல்லும் நாவும் உதடும் எங்கே கூடி எந்த ஒலி பிறக்கிறது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்த நாடுகள் மிகச் சில. தொல்காப்பியத்தின் பிறப்பியல், மேற்பல்லும் இதழும் இயைவதில் வகரம் பிறப்பதையும், பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்றுவதில் தகரமும் நகரமும் பிறப்பதையும் பிரித்துச் சொல்கிறது. வடமொழி இலக்கண மரபும் வகரத்தைப் பல்லுக்கும் உதட்டுக்கும் பொதுவாகவே வைக்கிறது. இவை வெறும் பழம்பெருமைக்குரிய செய்திகள் அல்ல. நாற்காலிப் பக்கத்தில் பயன்படக்கூடிய உடற்கூற்றுக் குறிப்புகள். பல்லின் பின்புறத்தை நேரடியாகத் தொட்டுப் பிறக்கும் தகர வரிசை ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி. ஆங்கில டி பல்லுக்குச் சற்று மேலே, ஈற்று மேட்டில் பிறப்பது. முன்பற்கள் உள்ளே உள்ளனவா வெளியே உள்ளனவா என்பதற்கு நம் தகரம் இன்னும் நேரான சாட்சியாக இருக்கக்கூடும். முதுநிலை ஆய்வுக்கு உகந்த கேள்வி இது.

உடல் அடையாளங்களே போதும், பேச்சு எதற்கு என்பது ஒரு மறுப்பு. வெட்டுப்பல்லின் முன்முகம் அண்ணத்து முன்மேட்டின் நடுவிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் முன்னே இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகள் பயனுடையவைதாம். ஆனால் அவை சராசரிகள். பல் இழந்து இருபது ஆண்டுகள் ஆனவரின் எலும்பு கரைந்திருக்கும். அவருடைய உதடும் நாவும் பேசும் பழக்கத்தை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. நோயாளி சில வாரங்களில் தானே பழகிக்கொள்வார் என்பது இன்னொரு மறுப்பு. பலர் பழகிக்கொள்கிறார்கள் என்பது மெய்யே. மெழுகில் மூன்று நிமிடத்தில் திருத்தக்கூடிய ஒன்றை அவர்களின் நாவே சுமக்கட்டும் என்று விடுவதற்கு அது நியாயமாகாது.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலையன்று. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மொழியியல் துறையும் ஒரு செயற்கைப்பல் துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால், அம்மொழிக்கான சோதனைச் சொற்கள் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். தமிழுக்கு ஆசை, பசி, காசு, ஊசி ஆகியன எஸ் ஒலிக்கும், தாத்தா, தந்தை, நாதம் ஆகியன பல்லொலிக்கும், அவ்வை, செவ்வாய் ஆகியன வகரத்துக்கும் தொடக்கமாகலாம். வட்டார வழக்குக்கேற்ப ச ஒலி மாறும் என்பதால், நோயாளி எந்த ஊர்க்காரர் என்பதும் பட்டியலோடு கேட்கப்பட வேண்டும். பற்கள் விழுவதற்கு முன் அவர் பேசியதை அறிந்தவர் வீட்டில் ஒருவராவது இருப்பார். மெழுகுச் சோதனையன்று அவரையும் உள்ளே அழைத்து அமர்த்தலாம். இரண்டாம் ஆண்டுத் தேர்வின் மதிப்பெண் தாளிலும், மெழுகு வழவழப்பாக இருக்கிறதா என்ற கட்டத்துக்கு அருகில், இவரை எந்தச் சொற்களைச் சொல்ல வைப்பீர்கள் என்ற ஒரு கேள்விக்கு இடமிருக்கும்.