கேட்டவர் ஒருவர், கேளாதவர் ஒருவர்!

விமான விபத்து என்றதும், வானத்திலிருந்து இடிபோல் விழும் விமானமே நம் கண்முன் வருகிறது. ஆனால், விமான விபத்துகளிலேயே அதிக உயிர்களைக் குடித்த விபத்து வானத்தில் நடக்கவில்லை, தோழர்களே! தரையில் நடந்தது, ஓடுதளத்தின்மீது நடந்தது. எந்திரம் பழுதாகவில்லை, இறக்கை முறியவில்லை. பேச்சு முறிந்தது, 583 பேர் மாண்டனர்!

“விமானத்தில் போகிறவர்கள் சீமான்கள், ஆலையில் அல்லற்படும் நமக்கு அந்தக் கதை எதற்கு?” என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள். கேட்டபின் சொல்லுங்கள், அது யாருடைய கதை என்று.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் ஆளுகையிலுள்ள கானரித் தீவுகளில் ஒன்று டெனெரிஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்கவேண்டிய விமானங்கள் டெனெரிஃபிலிருந்த சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. சந்தை நாளில் வண்டிப்பேட்டை போல ஆயிற்று அந்த நிலையம். ஒதுங்க இடமில்லை; புறப்படும் விமானம் ஓடுதளத்தின் மேலேயே ஊர்ந்துபோய் மறுமுனையில் திரும்பவேண்டும். அந்த வேளையில் மலைமேகம் இறங்கி மூடிற்று. கோபுரத்திலிருந்தவர் கண்ணுக்கு விமானங்கள் தெரியவில்லை. ஒரு விமானிக்கு மற்றொரு விமானம் தெரியவில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடார் அங்கே கிடையாது. கண் போயிற்று; மிச்சம் இருந்தது காது ஒன்றுதான்!

கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் ஜம்போ, முனையில் திரும்பிப் புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுதளத்தில், மேகத்துக்குள், அதற்கு எதிரே பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ஜம்போ ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

டச்சு விமானத்தின் தலைமை விமானி சாமானியரல்லர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் அவருடைய படம்தான். பக்கத்திலிருந்த துணை விமானியைச் சோதித்து, ஜம்போ ஓட்டத் தகுதியுண்டு என்று சொன்னவரும் அவரே. இன்னும் தாமதமானால் வேலைநேர விதி குறுக்கிடும், அன்று ஊர் திரும்ப முடியாது என்ற பதைப்பு வேறு.

விசையைத் தள்ளினார் தலைவர். இன்னும் அனுமதி வரவில்லையே என்று தடுத்தார் துணைவர். தெரியும், கேள் என்றார் தலைவர். கேட்டார். கோபுரம் தந்தது, எழும்பிய பிறகு எந்த வழியே போவது என்ற அனுமதி; எழும்பலாம் என்ற அனுமதி அன்று! ஆனால், அந்த வாசகத்துக்குள்ளும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் கிடந்தது. துணைவர் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்னே தலைவர் விமானத்தை ஓடவிட்டார். முதல் தடவை தடுத்த நா இரண்டாம் தடவை எழவில்லை. ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று இரண்டுங்கெட்டான் வாசகம் ஒன்றை ரேடியோவில் விட்டார். ஓடிக்கொண்டிருக்கிறோம் என்றா? ஓடத் தயாராக நிற்கிறோம் என்றா? கோபுரம், நிற்கிறார்கள் என்று கொண்டது. ‘ஓகே’ என்றது, பொறுத்திருங்கள், அழைக்கிறேன் என்றும் சொன்னது. அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் என்று பான் அமெரிக்கனும் குரல் கொடுத்தது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் கேட்பது பேச்சல்ல, கீச்சொலி. டச்சு விமானத்தின் காதில் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ ஒன்றே!

அப்போதும் தப்பியிருக்கலாம். பின்னால் அமர்ந்திருந்த என்ஜினியருக்கு ஐயம் தட்டிற்று. அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தந்திருத்தமாகப் பதில் சொன்னார் தலைவர். அவ்வளவுதான். சில நொடிகளில் இரண்டும் மோதின. டச்சு விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பான் அமெரிக்கனில் இருந்த 396 பேரில் 61 பேரே பிழைத்தனர்.

விதி என்பார் சிலர். பனிமூட்டம் என்பார் சிலர். பான் அமெரிக்கன் திரும்பச் சொன்ன வழியைத் தாண்டிப் போயிற்று என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நாம் கேட்கிறோம்: ஐயம் கொண்ட இருவர் அந்த அறைக்குள்ளேயே இருந்தார்களே, அவர்கள் வாயைக் கட்டியது எது? பனியா? பனிக்குப் பின்னே நின்ற பதவி அல்லவா! பெல்ட் கிழிகிறது என்று சொல்லும் தொழிலாளியைப் பார்த்து, ‘உனக்கென்ன தெரியும், ஓட்டு!’ என்று சீறும் மேஸ்திரியை நாம் பார்த்ததில்லையா?

பாடம் படிக்கத்தான் செய்தார்கள், அதை மறைக்கமாட்டோம். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, எழும்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் தவிர, கோபுரம் உச்சரிக்கலாகாது என்று ஆக்கினார்கள். ‘ஓகே’ என்று தலையாட்டினால் போதாது, முக்கியக் கட்டளையைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். (ரயில்வேத் தோழர்கள் சிரிப்பார்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் சொல்லி உறுதி செய்துகொள்வது அவர்களுக்குப் பழைய சங்கதி.) தலைவரைத் தடுத்துப் பேசத் துணைவருக்கும், அதைக் காதுகொடுத்துக் கேட்கத் தலைவருக்கும் பயிற்சி வேண்டும் என்று 1979இல் நாசா கூட்டிய கருத்தரங்கில் பேசினார்கள், 1981இல் யுனைடெட் நிறுவனம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆயினும், திருப்பிச் சொல்வது மட்டும் காக்குமா? 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா நிலையம். முதல்நாள் நிலநடுக்கத்தில் நொந்த மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோக நின்றது கடலோரக் காவல்படை விமானம். ‘நீங்கள் முதலாவது, ஓடுதளத்துக்கு முன்னுள்ள நிறுத்தப் புள்ளிக்கு வாருங்கள்’ என்றது கோபுரம். சரியாகத்தான் திருப்பிச் சொன்னார்கள்! ஆனால், ஓடுதளத்துக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது என்றே எண்ணி, உள்ளே போய் நின்றார்கள். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதிற்று. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர். காவல்படையின் ஆறு பேரில் ஐவர் மாண்டனர்.

கோபுரத்தின் திரையில் எச்சரிக்கை ஏறத்தாழ ஒரு நிமிடம் எரிந்தது. பார்க்க வேண்டியவருக்கு வேறு விமானங்களின் வேலையும் இருந்தது. நாலு நாள் கழித்து, அந்தத் திரையை மட்டும் இடைவிடாமல் பார்க்கத் தனியே ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். ஆள் மிச்சம், கூலி மிச்சம் என்று கணக்கெழுதும் கனவான்களைக் கேட்கிறோம்: ஜனவரி 6ஆம் தேதி போடப்பட்ட அந்த நாற்காலியை, ஜனவரி 2ஆம் தேதி மாலை போட்டிருக்கக் கூடாதா?