புகார் சொன்ன நாளின் மாலை: சக மாணவர் துன்புறுத்தலும் பள்ளியின் கடமையும்

பள்ளியில் சக மாணவர்கள் தன்னைத் துன்புறுத்துவதாக உங்கள் பிள்ளை ஒருநாள் வாய்திறந்து சொல்லிவிட்டால், பாதிச் சுமை இறங்கிவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆசிரியர்களும் அவ்வாறே எண்ணுகின்றனர். பிள்ளைகள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதே விழிப்புணர்வுக் கூட்டங்களில் நாங்கள் முதலில் கூறும் அறிவுரை. அது சரியான அறிவுரையே. ஆயினும் பேசிய பிறகு என்ன நிகழும் என்பது குறித்து அது ஒன்றும் கூறுவதில்லை. புகார் சொல்லப்பட்ட நேரம் முதல் அடுத்த சில நாள்கள், சில வேளைகளில் அடுத்த சில மணி நேரமே, பிள்ளைக்கு ஆபத்து மிகுந்த காலமாகும். பள்ளியின் செயல்பாட்டை மதிப்பிட வேண்டிய இடமும் அதுவே.

2023 ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் பயிலும் மாணவர்கள் தொடர்ந்து இழிவுபடுத்தி ஏவல் வேலை வாங்கியதால் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். பள்ளிக்கு வராத காரணத்தைப் பள்ளி கேட்டது. அவர் நடந்ததைக் கூறினார். புகார் எழுத்து வடிவிலும் தரப்பட்டது. இதுவரை எல்லாம் நாம் பரிந்துரைக்கும் முறைப்படியே நிகழ்ந்தது. ஆகஸ்ட் 9 இரவு, பள்ளி மாணவர்களான சிறுவர்கள் அரிவாளுடன் அவரது வீட்டுக்குள் நுழைந்து அவரை வெட்டினர். தடுக்க முயன்ற தங்கைக்கும் வெட்டு விழுந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அம்மாணவர், சொல்வதை எழுதுபவரின் துணையோடு 2024 பொதுத்தேர்வு எழுதி 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

இந்நிகழ்வை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் குழு தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் ஆகியவற்றைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குதல், பெரிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமித்தல் முதலியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். பொதுவெளியில் மிகுதியும் விவாதிக்கப்பட்டவை கயிறும் பெயரும்தான். மருத்துவ அலுவலர் என்ற நிலையில் என் கவனம் நல அலுவலர் பற்றிய பரிந்துரையின் மீதே நிற்கிறது. புகார் சொன்ன பிள்ளையை அன்று மாலை யார் வீடு சேர்ப்பது, இரவு யார் விசாரிப்பது, மறுநாள் காலை வாயிலில் யார் எதிர்கொள்வது என்பதற்கெல்லாம் பெயர் குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பேற்காதவரை, புகார்ப் பெட்டி வெறும் பெட்டியாகவே இருக்கும்.

நம் சேலம் பகுதியில் வாழ்வோருக்கு அது தொலைவில் நடந்த செய்தியாகத் தோன்றலாம். அரிவாள் வரை செல்வது அரிதுதான். அதற்கு முந்தைய படிகளோ எல்லா ஊரிலும் உள்ளன. ஓமலூர் போன்ற ஊரில் புறநோயாளர் பிரிவுக்கு அவை வேறு பெயரில் வருகின்றன. திங்கள்கிழமை காலைகளில் மட்டும் வயிற்றுவலி. பரிசோதனையில் ஒன்றும் தெரியாத தலைவலி. நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல். கழிப்பறையில் சிலர் மறித்து நிற்பதால் காலை முதல் மாலை வரை சிறுநீரை அடக்கி, அதனால் சிறுநீர்த் தொற்று. மதிய உணவைப் பிறர் பறித்துக்கொள்வதால் மாலையில் வீடு திரும்பியதும் பெரும்பசி. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு; ஒவ்வொரு வயிற்றுவலியையும் துன்புறுத்தல் எனக் கொள்ள வேண்டாம். ஆனால் விடுமுறையில் மறைந்து, பள்ளி திறந்ததும் திரும்பும் வலி எதுவாயினும், "பள்ளியில் யாரோடு அமர்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நீண்டகால நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வலிப்பு நோய், வெண்புள்ளி, திக்குவாய், காது கேட்கும் கருவி, உடற்பருமன் ஆகியவை கேலிக்கு எளிதில் இலக்காகின்றன. கேலிக்கு அஞ்சி, முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளை பள்ளியில் போட வேண்டிய இன்சுலினைத் தவிர்ப்பதும், வலிப்பு மாத்திரையை மறைத்து வைப்பதும் நேர்கிறது. மருந்து சரியாகக் கொடுத்தும் நோய் கட்டுக்குள் வரவில்லையெனில், அளவை மாற்றுமுன் மருத்துவர் இதையும் கேட்டறிய வேண்டும்.

இத்துன்பம் வளர்ந்தால் தானாக மறைந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்று, 2014-ல் தன் முடிவுகளை வெளியிட்டது. சிறுவயதில் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களிடம் ஐம்பது வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்ததை அது காட்டியது.

சண்டையும் துன்புறுத்தலும்

இந்தத் துறையில் முன்னோடி, நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயஸ். 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 1983-ல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரில் சுமார் 2,500 மாணவர்களிடையே அவர் தம் முறையைச் செயல்படுத்தி ஆராய்ந்தார். துன்புறுத்தலுக்கு அவர் மூன்று அடையாளங்களைக் கூறினார்: தீங்கு செய்யும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், இரு தரப்புக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு. அந்த வலிமை உடலாக இருக்கலாம், எண்ணிக்கையாக இருக்கலாம், சாதியாகவோ பணமாகவோ வாட்ஸ்அப் குழுவாகவோ இருக்கலாம்.

மூன்றாம் அடையாளமே நமக்கு முக்கியம். சமமான இருவர் சண்டையிட்டால், அழைத்துப் பேசிக் கைகுலுக்க வைப்பது பயன் தரும். சமமற்ற இருவரை ஓர் அறையில் எதிரெதிரே நிறுத்தி, "என்ன நடந்தது, இவன் முன்னாலேயே சொல்" என்று கேட்டால், வலிமை குறைந்தவர் வாய்மூடிப்போவார். வலிமை மிக்கவர் யார் புகார் சொன்னார் என்பதை உறுதிசெய்துகொள்வார். நம் பள்ளிகளில் இன்றும் மிகவும் வழக்கத்தில் உள்ளது இந்தச் சமரசக் கூட்டமே. இரு வீட்டுப் பெரியவர்களையும் அன்றே வரவழைத்து முடித்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான். விளைவோ பெரும்பாலும் புகார் சொன்ன பிள்ளையின் தலையில் விடிகிறது. "நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று உங்களிடம் கூறப்பட்டால், பணிவாக மறுக்கலாம். இருவரையும் தனித்தனியே விசாரிக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

முதல் நாளில் கேட்க வேண்டியவை

விசாரணைக்கு முன் பாதுகாப்பு. இதை நீங்கள் தலைமையாசிரியரிடம் நேரடியாகவே கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் பெறுங்கள். புகாரில் உள்ள பெயர்கள் யார் யாருக்குத் தெரிவிக்கப்படும், எப்போது தெரிவிக்கப்படும் என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்ட மாணவர்களின் வீட்டுக்குச் செய்தி போவதற்கு முன்பே உங்கள் பிள்ளை பாதுகாப்பாக வீடு சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே மிரட்டியிருந்தாலோ, அவர்களிடம் ஆயுதம் இருப்பதாகப் பேச்சு இருந்தாலோ, அன்றே காவல்துறைக்குத் தெரிவிக்கும்படி வலியுறுத்துங்கள். இடம் மாற்றி அமர்த்த வேண்டியிருந்தால் துன்புறுத்தியவரை மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கடைசி வரிசைக்கோ வேறு பிரிவுக்கோ அனுப்புவது, தண்டனை தனக்கே என்ற எண்ணத்தை அதன் மனத்தில் பதித்துவிடும்.

பேருந்து தனியாகப் பேச வேண்டிய ஒன்று. ஓமலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பல பிள்ளைகள் நகரப் பேருந்தில்தான் வந்து செல்கின்றனர். பள்ளி வாயில் வரை ஆசிரியரின் கண் உண்டு; பேருந்து நிலையத்திலும் கடைசி நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் மண்சாலையிலும் எவர் கண்ணும் இல்லை. தாரமங்கலம் பக்கம் விசைத்தறிக்கு ஷிப்ட் செல்லும் பெற்றோரால் நாள்தோறும் வந்து அழைத்துச் செல்ல இயலாது என்பதை அறிவேன். முதல் இரண்டு வாரங்களுக்கேனும் அதே ஊருக்குச் செல்லும் ஆசிரியர், உறவினர், மூத்த மாணவர் ஆகியோரில் ஒருவர் உடன் செல்ல ஏற்பாடு வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே உறுப்பினர்களாக இருப்பதால், இதை அங்கே எழுப்பலாம்.

சுற்றி நிற்கும் பிள்ளைகளின் பங்கு நாம் எண்ணுவதைவிடப் பெரிது. கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து நடத்திய ஆய்வில், பெரும்பாலான துன்புறுத்தல்களைச் சக மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட நேர்வுகளில் பத்து விநாடிகளுக்குள் அது நின்றது. பின்லாந்து 2009 முதல் நாடு முழுதும் பரப்பிய கிவா திட்டம் இந்தப் பார்வையாளர்களை மையமாகக் கொண்டதே. ஆகவே பள்ளி, சாட்சியாக நின்ற பிள்ளைகளையும் தனித்தனியே, பெயர் வெளியாகாமல் பேச வைக்க வேண்டும்.

துன்புறுத்திய பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் ஒரு சொல். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதைப் பள்ளிகள் எளிய வழியாகக் கருதுகின்றன. அது சிக்கலை அடுத்த பள்ளிக்கு மாற்றுகிறது, கோபத்தையும் கூடவே அனுப்புகிறது. நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களும் சிறார்களே. பதினெட்டு வயது நிறையாதவர்கள் குற்றம் செய்தால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவர். அந்நிலை வருமுன், உங்கள் பிள்ளையை மனநல ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள். பிறரைத் துன்புறுத்தும் பிள்ளைகளுள் சிலர், வீட்டிலோ வேறிடத்திலோ தாமும் அடிவாங்குபவர்கள்.

உங்கள் பிள்ளைக்குக் காயம் இருந்தால், சிறியதாயினும் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்து, எவ்வாறு ஏற்பட்டது என்பதை மறைக்காமல் கூறுங்கள். "கீழே விழுந்துவிட்டான்" என்று பதிவாகிவிட்டால் பின்னர் திருத்துவது கடினம். கைப்பேசியில் வந்த மிரட்டலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாலியல் வகைத் துன்புறுத்தலாயின் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது பள்ளியின் கட்டாயக் கடமை. உள்ளுக்குள் பேசி முடிக்க அதற்கு அதிகாரம் இல்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தக்கூடும்.

உறக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை தென்பட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். "செத்துப்போகலாம் போல் இருக்கிறது" என்று பிள்ளை கூறினால் அன்றே அழைத்து வாருங்கள். அதுவரை தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வி தொடர்பான புகார்களுக்கு 14417, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். இந்த எண்களைப் பிள்ளையின் பாடக்குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதி வைக்கலாம்; கைப்பேசி வீட்டில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும் குடும்பங்களில் அதுவே எளிதில் கைக்கு எட்டும்.