மருந்தாய்வுத் துறையும் உயிரியல் மாணாக்கரும்

மருத்துவப் படிப்பில் இடம் கிட்டாத ஏமாற்றத்தோடு விலங்கியலிலோ உயிர்வேதியியலிலோ நுண்ணுயிரியலிலோ வந்து சேரும் மாணாக்கர் பலரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பட்டம் பெற்றால் ஆசிரியப் பணி, தவறினால் மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை. அதற்கப்பால் வழியில்லை என்பதே பெற்றோர் பலரின் எண்ணம். கிளினிக்கல் ரிசர்ச் எனப்படும் மருந்தாய்வுத் துறையை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்துறை நம் மண்ணுக்குப் புதியதன்று. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் நிறுவப்பெற்றது. காசநோயாளியைச் சானடோரியத்தில் பல திங்கள் கிடத்தினால்தான் நோய் தீரும் என்று நம்பப்பட்ட காலம் அது. மையத்தார் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்க்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என்று 1959இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அம்முடிவு மருத்துவரால் மட்டும் விளைந்ததா? முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணியவர்களும், சிறுநீரைச் சோதித்தவர்களும், சளியிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்தவர்களும், கண்டதைக் கண்டவாறே ஏட்டில் பதிந்தவர்களும் அதில் பங்குடையவர்களே.

இன்று உயிரியல் பட்டதாரிக்குக் காத்திருப்பவையும் ஏறக்குறைய இத்தகைய பணிகளே. மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர், பதிவேடுகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கண்காணிப்பாளர், தரவு மேலாண்மையர், பக்கவிளைவுகளை ஆராய்பவர் எனப் பல நிலைகள் உள்ளன. சிகிச்சை முடிவுகள் மருத்துவருடையவை. அதில் நமக்கு ஐயம் வேண்டா.

பெரியோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். "ஆறு மாதச் சான்றிதழ், உறுதியான வேலை" என்னும் விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்க வேண்டா. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். 2007இல் தொடங்கிய இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டை எவரும் இணையத்தில் திறந்து, எந்த மருத்துவமனையில் எந்த ஆய்வு நடைபெறுகிறது என்று அறியலாம். அங்கு நேரில் சென்று தொடக்கநிலைப் பணி கேட்கும் மாணாக்கனுக்கு, சிறிது புள்ளியியலும் நேர்மையான பதிவுப் பழக்கமும் அச்சான்றிதழினும் மிகுதியாகத் துணைபுரியும் என்பது நம் கருத்து.

தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆய்வில் சேரும் எவரும் விளங்கிக்கொண்டு ஒப்புதல் தர வேண்டும். அவருக்குப் புரியும் மொழியிலேயே செய்தி சொல்லப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். இது விதி. ஆனால் "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்" என்று படிவத்தில் அச்சிட்டால் சிற்றூர் மூதாட்டிக்கு என்ன விளங்கும்? ஏதோ அரசு வீட்டுமனை கிடைக்கப் போகிறது என்றே அவர் மகிழக்கூடும்! "உங்களுக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுக் குலுக்குவது போல அமையும். விருப்பமில்லையெனில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் உங்களுக்குரிய வைத்தியம் நிற்காது" என்று எழுத அறிவியலும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும். பொருள் விளங்காமல் வைத்த கைநாட்டு ஒப்புதலாகாது.

பகுதி ஒன்றில் தமிழ்ப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறக்கும் நம் உயிரியல் மாணாக்கர் இதனை எண்ணுதல் வேண்டும். நம் கல்லூரியின் இரு துறைகளும் கூடி, மாதம் ஒருநாள் ஒரு மாதிரி ஒப்புதல் படிவத்தை எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். திருத்திய படிவத்தை முதலில் விடுதிச் சமையற்கூடத்து அம்மையாரிடம் படித்துக் காட்டுவோம். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று குறித்துக்கொள்வோம்.