பல்லைப் பிடித்துப் பார்ப்போமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பற்றி அவர்கள் அப்படிச் சொன்னதில்லை! வேலூருக்குப் பக்கத்தில் பொய்கை என்று ஓர் ஊர். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடுகிறது. போய்ப் பாருங்கள். திரும்பிய பக்கமெல்லாம் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு மாட்டின் உதட்டை விலக்கிக்கொண்டு நிற்பார். இன்னும் இரண்டு பேர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பார்கள். வாய்க்குள் பார்த்த பிறகுதான் விரலுக்கு வேலை.

நான் அங்கே மாடு வாங்கப் போகவில்லை. ஆம்பூரில் என் கல்லூரித் தோழி இருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் கறவை மாடு ஒன்று வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும், நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். கூடவே அவளுடைய எட்டு வயதுப் பையனும் வந்தான். ஒரு கன்னம் சற்று உப்பியிருந்தது. வாயில் கிராம்பு அடக்கியிருந்தான்.

"பல் வலியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, கடைவாயிலே சொத்தை. பால் பல்லுதானே! விழுந்து முளைச்சுடும்" என்றாள் அவள்.

"முளைத்துவிடும், முளைத்துவிடும்" என்று நானும் ஒத்து ஊதினேன். படித்தவள் சொல்கிறாளே என்று அவளுக்கும் திருப்தி. இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்காக நான் வெட்கப்பட வேண்டியிருந்தது.

தரகர் வயதானவர். ஒரு சிவப்புப் பசுவின் கீழ் உதட்டை மடக்கிக் காட்டினார். "நல்லாப் பாரும்மா. நாலு பல்லு. பொய் சொல்லலே" என்றார். பசுவுக்குக் கீழே முன்பக்கம் எட்டுப் பற்கள் உண்டு. கன்றாக இருக்கும்போது எட்டும் சின்னஞ்சிறு பால் பற்கள். இரண்டு, இரண்டரை வயதில் நடு ஜோடி விழுந்து அகலமான இரண்டு பற்கள் முளைக்கும். அதுதான் 'இரண்டு பல்'. பிறகு ஒவ்வொரு ஜோடியாக நாலு, ஆறு என்று ஏறி, நாலு நாலரை வயது வாக்கில் எட்டும் வந்துவிட்டால் 'கடை சேர்ந்துவிட்டது' என்கிறார்கள். அதற்கு மேல், பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும். அங்கேதான் வியாபாரத் தந்திரம் புகுகிறது. பல்லை அரத்தால் ராவி வயதைக் குறைத்துக் காட்டும் கெட்டிக்காரர்களும் உண்டாம். சொன்னவர் தரகரேதான், தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை.

மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அங்கே முன்பற்களே இல்லை! வெறும் கெட்டியான ஈறுதான். ஆடு, மாடு, எருமை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். நாக்கால் புல்லை வளைத்துப் பிடித்து, கீழ்ப் பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே இடுக்கி, தலையை ஒரு வெட்டு வெட்டினால் புல் அறுந்து வந்துவிடும். அவசரமாக விழுங்கி வைத்துக்கொண்டு, பிறகு மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொள்ளலாம். அசைபோடுவதற்கென்றே உள்ளே பக்கத்துக்கு ஆறு, மேலும் கீழுமாக இருபத்து நான்கு கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன. முன்பல் எட்டையும் சேர்த்துக் கூட்டுங்கள். முப்பத்திரண்டு! நமக்கும் அதே முப்பத்திரண்டுதான். கணக்கு ஒன்று, கருவிப் பெட்டி வேறு.

அந்தக் கடைவாய்ப் பல்லின் விசேஷத்தைப் பெண்களாகிய நமக்குச் சொன்னால் உடனே புரியும். அம்மியும் ஆட்டுக்கல்லும் நாளடைவில் வழவழவென்று ஆகிவிட்டால் மிளகாய் அரைபடாது. "அம்மி கொத்தலையோ!" என்று தெருவில் குரல் வந்ததும் ஓடிப் போய்க் கூப்பிடுவோம். பசுவின் கடைவாய்ப் பல் தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் அம்மி. அதில் பிறைச் சந்திரனைப் போல வளைந்த எனாமல் வரம்புகள் இருக்கின்றன. எனாமல்தான் உடம்பிலேயே மிகக் கடினமான வஸ்து. வரம்புகளுக்கு நடுவே இருப்பது சற்று மெதுவானது. அரைக்க அரைக்க மெதுவானது சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும். கடினமானது மேடாக நிற்கும். ஆகவே தேயத் தேயச் சொரசொரப்புப் போவதே இல்லை. புல்லில் மணல் போன்ற சிலிகா இருக்கிறது. மேயும்போது மண்ணும் சேர்ந்துகொள்கிறது. அதைச் சமாளிக்கப் பல் உயரமாகவும் இருக்கிறது. பூமியில் புல்வெளிகள் பரவிய காலத்தில் குதிரையின் முன்னோர்களுக்குப் பல் உயரமாகிக்கொண்டே வந்ததைப் பாறைகளில் கிடைத்த பற்களே காட்டுகின்றன.

ஆனால் எந்த அம்மியும் ஒரு நாள் தேய்ந்துதானே போக வேண்டும்? யானைக்குக் கடைவாய்ப் பற்கள் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஆறு, ஒன்றன் பின் ஒன்றாக, பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருகின்றன. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் கிழ யானை மெல்ல முடியாமல் மெலிந்து போகும். எலிக்கு அந்தக் கவலை கிடையாது. முன்பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் பரண் மேல் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் துஷ்டத்தனம் மட்டும் அல்ல!

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். முதலைக்குப் பல் விழுந்தால் இன்னொன்று முளைக்கும். அதுவும் விழுந்தால் மறுபடி முளைக்கும். கணக்கே இல்லை. நமக்கும் பசுவுக்கும் எலிக்கும் இரண்டே தடவைக்கு மேல் இல்லை. ஏன் இந்தக் கஞ்சத்தனம்? காரணம் தாய்ப்பால் என்கிறார்கள் விஞ்ஞானிகள். முதலைக் குட்டி முட்டையிலிருந்து வந்த சில நாளிலேயே பூச்சியோ மீனோ பிடித்துத் தின்ன வேண்டும். பாலூட்டியின் குட்டி அப்படி அல்ல. தாயின் மடியில் பால் இருக்கும் வரையில் அதற்குப் பல்லே தேவையில்லை. அதற்குள் தாடை வளர்ந்துகொள்கிறது. வளர்ந்த தாடையில் நிலையாக ஒரு வரிசை வைத்தால், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பெட்டிக்கு மூடி பொருந்துவதைப் போலப் பொருந்தும். அடிக்கடி விழுந்து முளைக்கும் பல் அப்படிப் பொருந்த முடியாது. பொருந்தினால்தான் உணவை வெட்டி நசுக்கி அரைக்க முடியும். முதலை பிய்த்து விழுங்குகிறது, நாம் மெல்லுகிறோம்.

இதெல்லாம் எங்கோ சீமையில் நடந்த சங்கதி என்று நினைக்காதீர்கள். ஹைதராபாத்துக்கு அருகே நஸ்கல் என்ற இடத்தில், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவிலிருந்து, மூஞ்சூறு போன்ற ஒரு சிறு பிராணியின் பற்களை எடுத்திருக்கிறார்கள். ஜி.வி.ஆர். பிரசாத், அசோக் சாஹ்னி என்ற இருவர் 1988-ல் அதை உலகுக்கு அறிவித்து, தக்காணத்தின் பெயரால் 'டெக்கானோலெஸ்டெஸ்' என்று பெயர் வைத்தார்கள். டைனோசர்கள் உலவிய காலத்தின் கடைசியில், சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜந்து அது. கடுகைப் போன்ற பல்லை வைத்துக்கொண்டு, அது பூச்சி தின்றது என்றும் எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்றும் வாதம் செய்கிறார்கள். தரகர் செய்யும் வேலைதான். மாடு மட்டும் இல்லை!

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த மாதிரி வாசிப்பு புதிதல்ல. தோல் மண்டியில் வேலை செய்கிறவர் ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்தே இளசா முற்றலா என்று சொல்லிவிடுவார். சந்தைக்காரர் வாயில் படிப்பதை அவர் தோலில் படிக்கிறார். ஊரின் பிரியாணியை மெல்லும் நம் கடைவாய்ப் பல்லோ கறிக்கும் சோற்றுக்கும் பொதுவாக மழுங்கிய மேடுகளோடு இருக்கிறது. அந்த மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில்தான் மிட்டாய் தங்கிச் சொத்தை பிடிக்கிறது.

சந்தைக்குத் திரும்புவோம். பேரம் முடிந்த சந்தோஷத்தில் தரகர் பையனைப் பார்த்து, "தம்பி, உனக்கு எத்தினி பல்லு? வாயைத் தொற" என்றார். பையன் சிரித்துக்கொண்டே திறந்தான். கிழவர் முகம் மாறியது. "இன்னாம்மா இது? பின்னாடிப் பல்லு குழி வுழுந்துபோச்சே. இது வுழுந்து மொளைக்கிற பல்லு இல்லேம்மா. மாட்டுக்குக் கடைசிப் பல்லுங்க ஒரே வாட்டிதான். புள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் பல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கிழவர் சொன்னதையே அவரும் சொன்னார். குழந்தைக்குப் பால் பற்கள் இருபது; ஒவ்வொரு கால் பாகத்திலும் ஐந்து. ஆறு வயது வாக்கில் அந்த ஐந்துக்கும் பின்னால், எந்தப் பல்லையும் விழத் தள்ளாமல், சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. ஒன்றும் விழவில்லையே என்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அது ஆயுளுக்கும் உள்ள பல். பையனுடையது வேர் வரை கெட்டுச் சீழ் பிடித்திருந்தது. எடுத்துவிட வேண்டியதாயிற்று. எட்டு வயதில், இன்னும் அறுபது எழுபது வருஷம் உழைக்க வேண்டிய பல்!

அவள் அழவில்லை. "மாட்டு வாயை அத்தினி பேரு பார்த்தோமே அக்கா" என்று மட்டும் சொன்னாள். ஒத்து ஊதியவளுக்கு என்ன பதில் இருக்கிறது? மற்ற மூன்று பற்களின் பள்ளங்களை ஒரு பசை போன்ற மருந்தால் அடைத்துவிட்டார் டாக்டர். அதற்கு ஐந்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை, வலியும் இல்லை.

சகோதரிகளே, இன்று இரவு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முன்பல் நடுவிலிருந்து பின்னால் எண்ணுங்கள். ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அது பால் பல் அல்ல. அதில் கறுப்புப் புள்ளியோ குழியோ தெரிந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

சிவப்புப் பசு இப்போது ஆம்பூரில் இருக்கிறது. பையன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் உதட்டை மடக்கி எண்ணிப் பார்க்கிறானாம். மூன்றாவது ஜோடியில் ஒரு பல் ஆடுகிறது என்று போன வாரம் தோழி எழுதியிருக்கிறாள்.