ஹந்தானைக்கு அப்பால் உள்ள பிள்ளைகள்

கண்டி மாநகரின் தெற்கே ஓங்கி நிற்கும் ஹந்தானை மலையை அறியாத மலையகத் தமிழர் இலர். அம்மலையின் ஒரு புறத்தே பேராதனைப் பல்கலைக்கழகம் விரிந்து கிடக்கின்றது. நகரை நோக்கிய சரிவிலே தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அமைந்திருக்கின்றது. மலையைக் கடந்து அப்பால் இறங்கினால் கலஹா, தெல்தோட்டை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் வெள்ளையர் இந்நாட்டிலே முதன்முதலாக வணிகத்துக்கென்று தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அப்பக்கத்திலேயே உளது. மலை ஒன்றுதான். ஆயின், அதன் இரு புறத்துப் பிள்ளைகளையும் இந்நாட்டின் கல்வித்துறை ஒரே கண்கொண்டு பார்க்கின்றதா?

முதற் புறத்தை முதலில் நோக்குவோம். விண்மீன்கள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வளவு காலம் ஒளிர்கின்றன, ஒளிர்ந்து தீர்ந்தபின் என்னாகின்றன என்று கணக்கிட்டுக் காணும் துறையைக் கோட்பாட்டு வானியற் பௌதிகம் என்பர். இதனைச் செய்பவனுக்குச் சொந்தமாகத் தொலைநோக்கி வேண்டுவதில்லை. அடிக்கடி முகில் மூடிக் கிடக்கும் கண்டிக்கு இத்துறை மெத்தப் பொருத்தமானது என்று வேடிக்கையாகவும் சொல்லலாம்! தாளும் எழுதுகோலும், இக்காலத்தில் ஒரு கணினியும், தேர்ந்த கணித அறிவும், பிறர் செய்த ஆய்வுகளை உடனுக்குடன் படிக்கும் வாய்ப்பும் இருந்தாற் போதும். 1930ஆம் ஆண்டில் பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞரான சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருப்பதற்கு ஓர் எடை எல்லை உண்டென்று கணக்கிட்டார். அவ்வெல்லை நம் ஞாயிற்றின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுகளுக்காக 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஹந்தானை நிறுவகத்தின் முதல் இயக்குநரான சந்திரா விக்கிரமசிங்கவும், விண்மீன்களுக்கிடையே பரந்துள்ள தூசியிற் கரியம் உண்டென்று பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து 1960களில் எழுதிய வானியலாளரே.

இத்தகைய ஆராய்ச்சியாளர் ஓர் ஒதுக்கிடத்தில் இருந்தால், அவரைக் கொல்லுவது தனிமை. ஆய்வேடு கப்பலேறி வந்து சேருமுன் அதிலுள்ள முடிவு பழையதாகிவிடும். அத்துன்பம் தீர்ந்தது எவ்வாறு? 1991இல் அமெரிக்காவிலே போல் கின்ஸ்பார்க் என்பவர் பௌதிகக் கட்டுரைகளை அச்சேறுமுன்னரே எவரும் இலவசமாகப் படிக்குமாறு மின்வழிக் களஞ்சியம் ஒன்றைத் தொடக்கினார். நம் நாட்டிலும் அதே காலத்தையொட்டிப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லங்கா கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு தோன்றிப் பேராதனையிலிருந்து இயங்கி வருகின்றது. கேம்பிரிட்ஜில் இருப்பவன் காலையிற் படிக்கும் கட்டுரையைப் பேராதனையில் இருப்பவனும் அன்றே படிக்கிறான். தூரம் என்னும் தடையை அரசாங்கப் பணமும் அறிஞர் முயற்சியும் சேர்ந்து தகர்த்துவிட்டன. இதனை நாம் குறை கூறவில்லை, பாராட்டுகிறோம்.

2020 மார்ச்சிற் பெருந்தொற்றினால் கல்விக்கூடங்கள் எல்லாம் மூடப்பட்டபோது அதே வலையமைப்பு இன்னுமொரு நற்காரியம் செய்தது. தொலைபேசி நிறுவனங்களின் இணக்கத்துடன், பல்கலைக்கழக மாணவர் டேட்டாவுக்குக் காசு கொடாமலே விரிவுரை கேட்க வழி செய்யப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ‘ஈ-தக்சலாவ’ என்ற அரசாங்கத் தளம் இருந்தது, உண்மை. ஆயினும் பெரும்பாலான வகுப்புகள் பெற்றோர் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில், வாட்சப் வழியாகவே நடந்தேறின. அக்காலத்திலே இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டிலேதான் கணினி இருந்தது. தோட்டங்களில் அதனினும் மிகக் குறைவு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டாலும், 2025 நவம்பரில் டித்வா புயலினாற் கண்டி மலைகள் சரிந்தபோதும் பாதைகளும் பாடசாலைகளும் மீண்டும் அடைபட்டன.

இக்கணக்கு எதிலும் சேராத பிள்ளைகள் சிலர் உளர். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளையே குறிப்பிடுகிறோம்.

ஓட்டிசம் என்பது பிள்ளையின் மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. தாயின் குற்றத்தால் வருவதன்று, தடுப்பூசியால் வருவதன்று, முற்பிறப்பின் வினையுமன்று. பேச்சு தாமதப்படலாம், பிறர் முகம் பார்த்துப் பழகுதல் கடினமாகலாம், ஓசையும் ஒளியும் பொறுக்கவொண்ணா வேதனை தரலாம். வைத்திய நிபுணர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் சேர்ந்தோரும் இலங்கையில் ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, 93 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இவ்வேறுபாடு காணப்பட்டது. அவ்வளவு குழந்தைகள் ஒரு பெருந்தோட்டத்தின் பிள்ளைக்காம்பராக்களிலேயே இருப்பரே! அவர்களை அடையாளம் காணுவார் யார்?

கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துத் தாயை நாம் சந்தித்தோம். ஆறு வயது மகன். கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பான்; பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். மாதம் ஒருமுறை அவனை நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வாள். அன்று அவளுக்குப் பேர் இல்லை. பஸ்ஸின் இரைச்சலிற் பிள்ளை அலறுவான். உடன் வருவோர் முகம் சுளிப்பர். அங்கே அரைமணி நேரம் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மையார் மனமுவந்தே கொடுத்தார், அவர்மீது குறையில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவே. வீட்டிலே ‘தண்ணி’ என்று கேட்கவேண்டிய பிள்ளைக்கு ‘வத்துர’ என்று சொல்லப் பழக்கினார்கள். வீட்டிற் செய்யவேண்டிய பயிற்சிகளைச் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளும் தந்தார்கள். “வீட்டுல எப்படிச் சொல்லிக் குடுக்கிறதுன்னு எனக்கு வெளங்கலீங்க ஐயா” என்றாள் அத்தாய். பேசவே இடர்ப்படும் பிள்ளைக்குத் தாய் பேசாத மொழியிற் பேச்சுக் கற்பிக்கும் விந்தையை என்னென்பது! 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ் சிகிச்சை அறைக்குள் ஏறவில்லை.

“ஓட்டிசப் பிள்ளையைத் திரைமுன் இருத்திப் பாடம் நடத்த முடியுமா?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. பல பிள்ளைகளால் முடியாது. வகுப்பறையின் இரைச்சல் இன்றித் தன் வீட்டிலே தன் வேகத்திற் படிப்பதைச் சில பிள்ளைகள் விரும்பவும் கூடும். ஆனால் அதனை எல்லார்க்கும் விதியாக்கிவிட்டுப் பாடசாலைக் கதவைச் சாத்துவது பெருந்தவறு. நாம் கேட்பது வேறு. திரைமுன் இருக்க வேண்டியவர் தாய், தந்தை, ஆசிரியை. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நிபுணர் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளரைப் பழக்கி, அவர்கள் வாயிலாகப் பெற்றோரைப் பழக்கினார்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரோடு தொடர்புகொள்ள முனைவது கூடிற்று. பேருபகரணம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கான பயிற்சியை 2022இல் இணையவழியில் தந்துள்ளது. அத்தகைய பயிற்சியைத் தேயிலை மலையின் தமிழிலே, படிக்கத் தெரியாதவரும் கேட்டு விளங்குமாறு, படக்காட்சியாக ஆக்குவதற்கு எத்தனை இலட்சம் வேண்டும்? தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர் கண்டியில் அரியர் என்றால், யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் தொரன்டோவிலும் உள்ளோர் வாரம் ஒரு மணி நேரம் தரலாகாதா? சென்னைக்கு அண்மையில் முட்டுக்காட்டிலே பல்வகைக் குறைபாடுடையோருக்கான இந்திய நடுவணரசின் நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகின்றதே. அதன் துணையைக் கேட்டால் என்ன? விண்மீன் ஆராய்ச்சிக்குத் தூரம் தடையன்று என்று காட்டியவர்களிடந்தானே இதனைக் கேட்கிறோம்!

இவ்விடத்தில் ஒரு பேச்சை மறுக்கவேண்டியிருக்கின்றது. நியூட்டனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் ஓட்டிசம் இருந்தது, ஆதலால் இப்பிள்ளைகளுக்குள்ளும் மேதைகள் ஒளிந்திருப்பர் என்று நல்லெண்ணத்தோடு எழுதுவோர் பலர். மாண்டுபோனவருக்கு நோய் நிர்ணயம் செய்யும் இவ்வித்தையை நாம் நம்புவதில்லை. தராசின் முள்ளைப் பார்த்து நிற்கும் சிறுவன் நாளை கணித மேதை ஆகலாம், ஆகாமலும் போகலாம். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கவும், வயிறு வலித்தால் இன்ன இடத்தில் வலிக்கிறதென்று காட்டவும் அவன் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மேதைமை தகுதிப் பத்திரமன்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கக் குறைபாட்டைக் காரணங்காட்டிக் கல்வியில் எவரையும் ஒதுக்கலாகாது என்கிறதேயன்றி, மேதையாக இருந்தால் ஒதுக்கலாகாது என்று சொல்லவில்லை.

வேறொரு பேச்சும் நம்மவரிடையே உண்டு. உழவனுக்கு உரமில்லாத நாட்டில் விண்மீன் ஆராய்ச்சி எதற்கு, அப்பணத்தை இதற்குக் கொடுத்தால் என்ன என்பர். அவ்வழியையும் நாம் ஏற்கவில்லை. அங்கே செலவாகும் தொகை சிறிது. அதனைப் பிடுங்கினால் பேராதனையில் ஓர் இளைஞனின் ஆராய்ச்சி நிற்கும். கலஹாவில் ஒரு தாய்க்கும் பயன் வராது. இன்னும் சொன்னால், தோட்டத்துப் பிள்ளையொருவன் நாளை அந்த இருக்கையில் அமரவேண்டும் என்றல்லவா நாம் விரும்புகிறோம்! 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நிறுத்தப்பட்டன. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. அக்கால் நூற்றாண்டின் இழப்பை மலையகம் இன்றும் சுமக்கின்றது.

ஆகவே, பல்கலைக்கழக மாணவருக்கு 2020இற் செய்துகொடுத்த அதே ஏற்பாட்டை, ஓட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் பயிற்சிக்கும் கல்வி அமைச்சு பெற்றுத் தரவேண்டும். பேராதனை மருத்துவ பீடமும், திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிக் கிளையும் கைகோத்தால் தமிழ்ப் பாடங்கள் ஓராண்டில் ஆயத்தமாகும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் இதனை ஓரளவேனும் கற்று வெளியேற வேண்டும். தோட்டத்துக்கு ஒரு கைப்பேசித் திரை, பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரின் கையில் இருந்தாலும் தொடக்கத்துக்குப் போதும். பயிற்சி நாளில் அத்தாய்மாரின் பேர் வெட்டப்படாமலிருக்கத் தோட்ட நிர்வாகங்களோடு தொழிற்சங்கங்கள் பேசட்டும்.

கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் உள்ள வாசகர்கள், தத்தம் தோட்டத்திலும் ஊரிலும் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் பாடசாலை செல்வோர் எத்தனை பேர் என்னும் தொகையைக் கல்வி வலயத்தின் பெயரோடு நமக்கு எழுதியனுப்புக. பிள்ளைகளின் பெயர் வேண்டா. வந்துசேரும் தொகைகளை வலயவாரியாக இப்பக்கத்தில் வெளியிட்டு, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்பிவைப்போம்.