டிரம்ஸ் வாசித்தவன் எங்கே?

ஒரு சின்னச் சோதனை. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் செல்போனில் ஏதாவது ஒரு இசைக்குழுவின் ‘லைவ்’ வீடியோவைப் போடுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் சரி. ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு நிறுத்திவிட்டு மூன்று கேள்விகளுக்கு பதில் சொல்லுங்கள். மேடையில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள்? பேஸ் கிடார் வாசித்தது ஆணா, பெண்ணா? டிரம்ஸ் வாசித்தவரின் முகம் ஞாபகம் இருக்கிறதா?

பாடகரின் தலைமுடி ஞாபகம் இருக்கும். புகை ஞாபகம் இருக்கும். முன்வரிசையில் கையைத் தூக்கி ஆடிய பெண்கூட ஞாபகம் இருப்பார். பாட்டை வாசித்தவர்கள் மட்டும் ஞாபகம் இருக்க மாட்டார்கள். உங்கள் மறதி இல்லை இது. அவர்களைக் காட்டவே இல்லை.

நான் ஏதோ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வதாக நினைக்காதீர்கள். நானே செய்த பாவம் இது.

என் அக்கா மகனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். போன வருஷம் சென்னையில் ஒரு சின்ன ஹாலில் கச்சேரி. வீடியோ எடுக்கிறேன் என்று சொன்ன நண்பன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டான். “மாமா, நீங்க பத்திரிகைக்காரர்தானே, கேமரா எல்லாம் தெரியும்ல?” என்று வந்து நின்றான் பையன். நான் படித்தது பி.காம். பத்திரிகையில் எழுதுகிறவன் வேறு, படம் எடுக்கிறவர் வேறு என்று விளக்க நேரமில்லை. இரவல் கேமரா ஒன்று, செல்போன் இரண்டு. இறங்கிவிட்டேன்.

எடுத்தேன். நாலு ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எடிட்டும் செய்தேன். போரடித்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு கட். பையன்களை வீட்டுக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் டிரம்ஸ் வாசித்த பையன் மெதுவாகக் கேட்டான்: “அங்கிள், நான் அன்னிக்கு வரலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த வாரம் அவன் வேலைக்காகப் புனே போகிறான். அதுதான் அந்த பேண்டில் அவனுடைய கடைசிக் கச்சேரி. “தகரம் தட்டி என்னடா சாதிக்கப் போறே?” என்று கேட்கிற அப்பாவுக்கு இந்த வீடியோவைக் காட்டலாம் என்று நினைத்திருந்தான்.

அவர்கள் போனபிறகு காமர்ஸ் புத்தி வேலை செய்தது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாட்டு 280 விநாடி. பாடகன், அதாவது என் அக்கா மகன், 171 விநாடி. ரசிகர்கள், விளக்கு, புகை 62. கிடார் 34. பேஸ் 9. டிரம்ஸ் 4. அந்த நாலு விநாடியும் ஃபோகஸ் இல்லை! பாட்டு முழுக்க ஒரு நொடி ஓயாமல் உழைத்தவனுக்கு நான் கொடுத்த சம்பளம் அது. விளக்குக்கும் புகைக்கும் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்காதீர்கள். ‘தி பேண்ட்’ என்ற குழு 1976 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் விடைபெறும் கச்சேரி நடத்தியது. படமாக்கியவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்ற பெயரில் 1978-ல் வெளிவந்தது. கச்சேரிப் படங்களில் தலைசிறந்ததாக இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்தக் குழுவின் டிரம்மர் லெவன் ஹெல்ம் 1993-ல் தன் சுயசரிதையில் பொரிந்து தள்ளினார். கேமரா கிடார்காரர் ராபி ராபர்ட்சன் பின்னாலேயே சுற்றியது, மற்றவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பது அவருடைய புகார். கவனியுங்கள், ஹெல்ம் வெறும் டிரம்மர் அல்ல, அந்தக் குழுவின் முக்கியமான பாடகர்களில் ஒருவர். அவருக்கே அந்த மனக்குறை என்றால் நம்ம ஊர்ப் பையன் எம்மாத்திரம்?

ஏன் இப்படி ஆகிறது? பாடகன் என் அக்கா மகன் என்ற பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கமாக இருக்கிறது. எனக்கு டிரம்ஸ் ஒத்துப்போகவில்லை. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி கேமராவை வைத்தால், அதிலிருக்கிற மைக்குக்குச் சத்தம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகத்தான் வந்து சேரும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கும் மேல் பிந்திவிட்டது. மிக்ஸரிலிருந்து எடுத்த சத்தத்தோடு இதைச் சேர்க்கும்போது நான் அதைச் சரிக்கட்டவில்லை. பாடகன் வாயசைப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கண் மன்னித்துவிடும். குச்சி தோலில் விழுகிற இடத்தில் பிசகினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் டிரம்ஸ் வரும்போதெல்லாம் வேறு ஷாட்டுக்கு ஓடினேன்.

பி.காம். படித்தவர்களுக்குப் புரியும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோம். இசை வீடியோவில் சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்கு வேறு பெயர் இருக்கிறது: ரசிகர்கள் கை தட்டும் ஷாட்.

இதற்கும் மேலே ஒரு படி போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டுடியோவில் பதிவான பாட்டை ஓடவிட்டு, வயரே செருகாத கிடாரைக் கட்டிக்கொண்டு நடிப்பார்கள். அதில் தப்பில்லை. அதுவும் ஒரு கலைதான். ஆனால் கீழே ‘லைவ்’ என்று எழுதும்போது அது பொய். பாலில் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிற நாம் இதை மட்டும் ஏன் ரசித்துக் குடிக்கிறோம்?

“இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை சார், வேகமா வெட்டினாதான் பாப்பாங்க” என்று ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும். அபாண்டம்! அதே பசங்கதான் மூன்று மணி நேரம் டி-20 மேட்ச் பார்க்கிறார்கள். ஜோனதன் டெம்மி 1983 டிசம்பரில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவைப் படமாக்கினார். படம் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’. அதில் கடைசிக்கட்டம் வரும்வரை ரசிகர்களைக் கிட்டத்தட்ட காட்டவே மாட்டார். வாசிக்கிறவர்களை நிதானமாகப் பார்க்க விடுவார். 2023-ல் புதுப்பித்து மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். நாற்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பொறுமை இல்லாதது பார்க்கிறவர்களுக்கு இல்லை. வெட்டுகிறவர்களுக்கு.

“எங்களிடம் ஒரு கேமராதான் இருக்கு, என்ன பண்றது?” என்று கேட்பீர்கள். லாஸ்ட் வால்ட்ஸ் கச்சேரியில் மட்டி வாட்டர்ஸ் பாட வந்த நேரம், மற்ற கேமராக்கள் நின்றிருக்க, ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் மறக்க முடியாத பாட்டுகளில் அதுவும் ஒன்று. ஒரு கேமரா போதும், அது ஓடிப்போகாமல் நின்றால்.

புதிதாகக் கேமரா தூக்குகிற தம்பி, தங்கைகளுக்கு அனுபவப்பட்டவன் சொல்வது இதுதான். கச்சேரிக்கு முன்னால் ஒரு நாள் ரிகர்சலுக்குக் கேமரா இல்லாமல் போங்கள். எந்த இடத்தில் யார் வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கார்செஸி பாட்டு வரிகளை வைத்து 300 பக்கத்துக்குத் திட்டம் எழுதினார். உங்களுக்கு அரைப் பக்கம் போதும். ஒரு கேமராவை ஸ்டாண்டில் வைத்து மொத்தக் குழுவும் தெரிகிற மாதிரி ஓடவிட்டு, கடைசிவரை தொடாதீர்கள். அதுதான் உங்கள் பேரேடு. ஆரம்பத்தில் எல்லாக் கேமராவுக்கும் தெரிகிற மாதிரி ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள், பிறகு அந்தச் சத்தத்தை வைத்து எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கலாம். மிக்ஸர் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சின்ன ஹாலில் பல சமயம் டிரம்ஸுக்கு மைக்கே வைத்திருக்க மாட்டார்கள். ஹாலுக்குள் தனியாக ஒரு ரெக்கார்டர் வையுங்கள். எடிட்டிங்கில் ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் ஒரே கேள்வி: இந்த இடத்தில் பாட்டைத் தூக்கிப் பிடிப்பது யார்? அவரைக் காட்டுங்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். பக்கவாட்டில் நாற்காலி மேல் வைத்துவிட்டு நான் மறந்தேபோன செல்போன் ஒன்று பாட்டு முழுவதையும் பிடித்து வைத்திருந்தது. கொஞ்சம் சாய்ந்த படம். ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. ஆனால் நாலு பேரும் இருந்தார்கள். டிரம்ஸ் பையனின் இரண்டு கையும் தெரிந்தது. சத்தத்தைச் சரியாக ஒட்டி, நாலே நாலு கட்டோடு மறுபடி செய்து புனேவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. “அப்பாவுக்கு அனுப்பினேன் அங்கிள். ரெண்டு தடவை பார்த்தாராம். ஒண்ணும் சொல்லலைன்னு அம்மா சொன்னாங்க.”

தகரம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘லைவ்’ என்று போட்டு ஒரு வீடியோ வந்தால், லைக் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கீழே ஒரு வரி எழுதுங்கள். “டிரம்ஸ் வாசித்தவர் எங்கே?” நூறு பேர் கேட்டால் அடுத்த வீடியோவில் அவர் வந்துவிடுவார்.